மைக்கைக் குறைத்த கை

 

வழக்கமாக நான் இங்கே எழுதுவது உபயப் பட்டியல், கூட்டுப்பணிக்கு எத்தனை பேர் வேணும், அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி குறையுது, இவ்வளவுதான். இன்றைக்கு எழுதப் போவது வேறு விஷயம். கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படிங்க.

என்னை ஆலயத்தில் எல்லாருக்கும் தெரியும். பெயர் தெரியாதவங்களுக்குக் கூட முகம் தெரியும். மண்டபத்துத் தூண் ஓரமாக மிக்சர் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள். "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லும் ஆள். பதினேழு வருஷமாக அந்த நாற்காலி என்னுடையது.

போன சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. விளக்கு பூசைக்குப் போய்விட்டு நனைந்துகொண்டு வீடு வந்தோம், நானும் வீட்டம்மாவும். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் வந்திருந்தாள். "அப்பா, நீங்க சவுண்டு பார்க்கிற ஆளு, அம்மா பாடற ஆளு. ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் இருக்கு" என்று சொல்லி டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் கைப்பேசியோடு அறைக்குள் போய்விட்டாள்.

படத்தின் பெயர் 'அமேசிங் கிரேஸ்'. அமெரிக்கப் பாடகி அரேதா பிராங்கிளின் 1972 ஜனவரி 13, 14 இரண்டு இரவுகள் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் வாட்ஸ் பகுதியில் இருந்த ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடியதைப் படம் பிடித்திருக்கிறார்கள். கதை கிடையாது, பேட்டி கிடையாது, பின்னணியில் யாரும் விளக்கம் சொல்வதும் கிடையாது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பாட்டு மட்டும்தான்.

ஆலயத் தொண்டு செய்கிறவன் தேவாலயப் பாட்டைப் பற்றி இங்கே எழுதலாமா என்று ஒருவர் இருவர் கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. வீட்டிலேயே அந்தக் கேள்வி வந்தது, நான்தான் கேட்டேன். அதற்கு வீட்டம்மா சொன்ன பதில்: "சாமி பேரு வேற. தொண்டை ஒண்ணுதானேங்க."

அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 1942இல் மெம்பிஸ் நகரத்தில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். அப்பா சி. எல். பிராங்கிளின் பெயர் பெற்ற போதகர். அம்மா இறந்தபோது இந்தப் பிள்ளைக்குப் பத்து வயசு கூட நிறையவில்லை. அப்பாவின் தேவாலயத்தில் பாடித்தான் குரல் பழகியது. பிறகு மேடை, இசைத்தட்டு, 1967இல் 'ரெஸ்பெக்ட்' பாட்டு, உலகப் புகழ். 1972இல் 29 வயசு. உச்சத்தில் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் சின்ன வயசில் பாடிய தேவாலயப் பாட்டுக்கே திரும்பி, பெரிய அரங்கம் எதுவும் வேண்டாம் என்று, பழைய சினிமா கொட்டகையாக இருந்து தேவாலயமாக மாறிய ஒரு கட்டடத்தில் போய்ப் பாடியிருக்கிறார். அந்தப் பாட்டுகள் அதே வருஷம் இரட்டை இசைத்தட்டாக வந்து இருபது லட்சத்துக்கு மேல் விற்றன. அவர் வாழ்நாளில் அதிகம் விற்றது அதுதான்.

ஆனால் படம் வெளிவரவில்லை. ஏன் என்று கேட்டால் சவுண்டு ஆள் நான் தலையில் அடித்துக்கொள்வேன்! படம் எடுத்தவர் சிட்னி பொல்லாக், பின்னாளில் ஆஸ்கார் வாங்கிய பெரிய இயக்குநர். அந்தக் காலத்தில் கேமராவில் படம் மட்டும்தான் பதியும், குரல் தனியாக டேப்பில் பதியும். ரெண்டையும் பிறகு பொருத்த வேண்டும். அதுக்குத்தான் ஒவ்வொரு தடவை கேமரா ஓட ஆரம்பிக்கும்போதும் கேமரா முன்னால் அந்தக் கறுப்பு வெள்ளைப் பலகையை 'டப்' என்று தட்டுவது. பலகை மூடுவது படத்தில் தெரியும், சத்தம் டேப்பில் கேட்கும், ரெண்டையும் ஒரே இடத்தில் வைத்துத் தைத்துவிடலாம். அந்த ரெண்டு ராத்திரியும் அந்தப் பலகையைத் தட்டவில்லை. ஏறத்தாழ இருபது மணி நேரப் படச்சுருள், எந்த வாய்க்கு எந்த வார்த்தை என்று தெரியாமல் பெட்டிக்குள் போய்விட்டது.

"ஒரு கைதட்டல்தானே, அதைப் போய் மறந்துட்டாங்களே" என்றேன். வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாங்க.

முப்பத்தைந்து வருஷம் கழித்து ஆலன் எலியட் என்பவர் அந்தச் சுருள்களை வாங்கி, கணினி வைத்துப் பொருத்தி முடித்தார். அப்போது அரேதா அம்மாவே நீதிமன்றம் போனார். 2011இல் வழக்கு, 2015இல் ஒரு திரைப்பட விழாவில் திரையிடப் போன நேரத்தில் தடை. 2018 ஆகஸ்ட் 16இல் அவர் காலமானார். குடும்பத்தார் சம்மதம் கொடுத்து அதே வருஷம் நவம்பரில் படம் திரைக்கு வந்தது. இது முக்கியம், பின்னால் இதை வைத்துத்தான் எங்களுக்குள் சண்டை.

படம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், நம்ம ஆலயத் திருவிழா மாதிரியே இருக்கிறது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். கேமரா தூக்கியவர்கள் பாடுகிற அம்மாவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் குனிந்து ஓடுகிறார்கள். இயக்குநரே படத்தில் தெரிகிறார், அங்கே எடு இங்கே எடு என்று கையைக் காட்டிக்கொண்டு. தீபாராதனை நேரத்தில் அம்பாளை மறைத்துக்கொண்டு நிற்கும் நம்ம போட்டோக்காரத் தம்பிகள் ஞாபகம் வந்தது. பின்னால் வெள்ளி மினுக்கும் மேல்சட்டை போட்ட பாடகர் குழு. அந்தக் குழு சும்மா உட்கார்ந்தே இல்லை. எழுந்து நிற்கிறார்கள், கையை ஆட்டுகிறார்கள், அழுகிறார்கள். ரெண்டாம் நாள் கூட்டத்தில் பின் வரிசையில் மிக் ஜாக்கர், உலகப் புகழ் ராக் பாடகர், எல்லாரோடும் சேர்ந்து எழுந்து நிற்கிறார். அவருக்கு முன் வரிசை நாற்காலி போட்டு மாலை போடவில்லை. இதை நான் கவனித்தேன், வீட்டம்மாவும் கவனிச்சிருப்பாங்க.

நிகழ்ச்சியை நடத்துகிறவர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் என்ற போதகர். அவரும் பெரிய பாடகர், பியானோ வாசிப்பவர், அரேதாவுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். ஆரம்பத்திலேயே கூட்டத்தைப் பார்த்து, இது தேவாலயம், நாம் வழிபாட்டுக்கு வந்திருக்கிறோம், அதை ஞாபகத்தில் வையுங்கள் என்று சொல்லிவிடுகிறார். அந்தத் தலைப்புப் பாட்டை அரேதா பாடும்போது கிளீவ்லண்ட் வாசித்துக்கொண்டிருந்த பியானோவை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடி அழுகிறார். நிகழ்ச்சி நடத்துகிறவரே. அந்தப் பாட்டு அதுபாட்டுக்கு நீண்டுகொண்டே போகிறது. ஒரு சொல்லை எடுத்து, அதை விட முடியாமல், மேலே கொண்டு போய், கீழே இறக்கி, திரும்ப மேலே. நிமிஷம் நிமிஷமாகப் போகிறது.

அந்த இடத்தில்தான் வீட்டம்மா வாயைத் திறந்தாங்க.

"என்னங்க, பார்த்தீங்களா? யாரும் அந்த அம்மா மைக்கைக் குறைக்கல."

நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்கிறேன். தெரிந்தவங்க மன்னிக்கணும். 2019 நவராத்திரி, ஏழாம் நாள். வீட்டம்மா பஞ்சபுராணம் பாடினாங்க. அவங்க கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவங்க. பால்மரம் வெட்டப் போகும் அம்மாவோடு விடியக்காலையில் எழுந்து, தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தில் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து தேவாரம் படித்தவங்க. சங்கீத வகுப்பு எதுவும் கிடையாது. கேட்டுக் கேட்டுப் படித்ததுதான். நம்ம ஆலயத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வெள்ளிக்கிழமை தவறாமல் பாடினாங்க.

அன்றைக்குத் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு முடிந்து பெரியபுராணம் பாடிக்கொண்டிருந்தாங்க. வழக்கத்தைவிட நிதானமாகப் பாடினாங்க. அந்த வருஷம்தான் அவங்க அம்மா தவறியிருந்தாங்க. கண்ணை மூடிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாங்க. அந்த நேரம் வாசலில் ஒரு பிரமுகர் வந்து இறங்கினார். வரவேற்புரை, பொன்னாடை, உரை எல்லாம் இருக்கிறது, அவருக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறது. செயலவையில் ஒருவர் மண்டப வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கிக் காட்டினார்.

என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் விரல் அந்த ஃபேடர் மேல் இருந்தது. மெதுவாக இறக்கினேன். சட்டென்று அணைக்கவில்லை, "நாசூக்காக" இறக்கினேன். அப்போது அதில் எனக்குப் பெருமை கூட இருந்திருக்கலாம், சத்தம் தெரியாமல் இறக்கினேனே என்று. குரல் பெட்டியில் வரவில்லை என்று புரிய அவங்களுக்கு மூணு நாலு நொடி ஆனது. கண்ணைத் திறந்தாங்க. அம்பாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாங்க. வாழ்த்துப் பாடாமலே எழுந்து ஓரமாகப் போய் நின்னாங்க. நான் அடுத்த மைக்கை ஏற்றினேன், "நமது சிறப்பு வருகையாளர்" என்று அறிவிப்பு போனது.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை அவங்க. நானும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி "தொண்டை சரியில்ல" என்றாங்க. அதுக்கு அடுத்த வெள்ளி பூக்கட்டும் இடத்தில் உட்கார்ந்தாங்க. ரெண்டு மூணு பேர் என்னிடம் கேட்டீர்கள், "அக்கா ஏன் பாடறதில்ல?" என்று. தொண்டை என்றேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, ஆலயமே மூடிவிட்டோம். பிறகு திறந்தபோது ஆள் குறைவு, நேரம் குறைவு. அவங்க பாடாதது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

"அது நான் முடிவு பண்ணதில்ல, செயலவை சொன்னது" என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் முதலில் வாயில் வந்தது அதுதான்.

"செயலவைக்காரங்க கை வாசல்ல இருந்துச்சு. உங்க கைதாங்க பட்டன்ல இருந்துச்சு."

பதில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "படத்தைப் போடுங்க" என்று அவங்களே சொன்னாங்க.

ரெண்டாம் நாள் ராத்திரி. அன்றைக்கு அரேதாவின் அப்பா வந்து முன் வரிசையில் உட்காருகிறார். பக்கத்தில் கிளாரா வார்ட் என்ற பாடகி, அரேதா சின்ன வயசில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அந்தக் கிளாரா அம்மா ஒரே வருஷத்தில், 1973 ஜனவரியில் காலமாகிவிட்டார் என்று மகள் பிறகு சொன்னாள். அப்பா எழுந்து பேசுகிறார். உன் பெண் எப்போது தேவாலயத்துக்குத் திரும்பி வருவாள் என்று கேட்பவர்களுக்கு, அவள் தேவாலயத்தை விட்டுப் போனதே இல்லை என்று சொன்னதாகப் பேசுகிறார். மகள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். படம் முழுக்க அந்த அம்மா பாட்டைத் தவிர ஏறத்தாழப் பேசுவதே இல்லை.

பிறகு அவர் பியானோவில் உட்கார்ந்து பாடுகிறார். முகமெல்லாம் வியர்வை. படம் பிடிக்கும் விளக்குகளின் வெப்பம் வேறு. அப்பா எழுந்து வருகிறார், கையில் ஒரு துணி. பாடிக்கொண்டிருக்கும் மகளின் நெற்றியைத் துடைக்கிறார், கன்னத்தைத் துடைக்கிறார். அவர் பாட்டை நிறுத்தவில்லை. கண்ணைக் கூடத் திறக்கவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம். துடைத்துவிட்டு அப்பா போய் உட்கார்ந்துவிடுகிறார். அவ்வளவுதான் காட்சி.

வீட்டம்மா அழுதாங்க. நான் தண்ணி எடுக்கப் போகிற மாதிரி எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன். எங்க அப்பா எனக்கு அப்படித் துடைத்ததில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பாட்டு நடுவில் ஒருத்தர் கிட்டே போகலாம், ஆனால் எதுக்குப் போகிறோம் என்று இருக்கிறதே.

படம் முடிந்து ஒன்பதரை. தேநீர் போட்டேன், நான்தான் போட்டேன். அப்போதுதான் சண்டை. நான் சும்மா ஒரு பேச்சுக்கு, "நல்ல வேளை, இதை வெளியிட்டாங்க. இல்லாட்டி நமக்குக் கிடைச்சிருக்குமா?" என்றேன்.

"அந்த அம்மா வேணாம்னுதானே வழக்குப் போட்டாங்க?"

"குடும்பம் சம்மதிச்சது. அதோட இவ்வளவு அருமையான பாட்டு, பெட்டிக்குள்ள கிடந்தா யாருக்கு லாபம்?"

"லாபத்தை விடுங்க. உயிரோட இருக்கிறப்ப கேட்டாங்க, வேணாம்னு சொன்னாங்க. கண்ணை மூடுனதும் கதவைத் திறந்துட்டாங்க. நானும் உட்கார்ந்து பார்த்துட்டேன், அழுதுட்டேன். அதான் எனக்கு உறுத்துது."

நான் விடவில்லை. இந்தப் படம் இல்லை என்றால் அந்த அப்பா துடைத்தது யாருக்குத் தெரியும் என்றேன். அவங்களுக்குத் தெரியும், அவங்க அப்பாவுக்குத் தெரியும், போதாதா என்றாங்க. சாமிக்குப் பாடினதை ஊரே கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றேன். கேட்கலாம், ஆனா பாடினவங்களைக் கேட்டுட்டுக் கேட்கட்டும் என்றாங்க. இந்த விஷயத்தில் நான் இன்னும் முழுசா அவங்க பக்கம் வரவில்லை. குடும்பத்தின் சம்மதத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் அவ்வளவு வாதாடினதுக்கு வேறு காரணம் இருந்தது.

என்னிடம் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. 2019 நவராத்திரி ஒன்பது நாளும் மிக்சரிலிருந்து நேரடியாகப் பதிவு செய்தேன், யாருக்கும் சொல்லாமல், சவுண்டு சரி பார்க்கத்தான். ஏழாம் நாளும் அதில் இருக்கிறது. மிக்சரில் அந்தப் பதிவுக் கம்பி ஃபேடருக்கு முன்னாடியே எடுக்கிற மாதிரி போட்டிருந்தேன். அதனால் பெட்டியில் குரல் நின்ற பிறகும் பதிவில் நிற்கவில்லை. அவங்க பாடினது கடைசி வரை இருக்கிறது. மைக் இல்லை என்று தெரியாமல் பாடின அந்த மூணு நாலு நொடியும், பிறகு மூச்சை இழுத்து நிறுத்தினதும் இருக்கிறது. பல ராத்திரி தலையில் ஹெட்போன் மாட்டிக் கேட்டிருக்கிறேன். இந்த வருஷ நவராத்திரிக்கு இந்தப் பக்கத்தில் அதை அவங்களுக்குத் தெரியாமல் போட்டு, இன்ப அதிர்ச்சி கொடுக்கலாம் என்று கூட இருந்தேன்.

அதைச் சொன்னேன். சொல்லும்போது குரல் வரவில்லை.

அவங்க தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து கையை நீட்டினாங்க. "குடுங்க."

கொடுத்தேன். சாமி அறையில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாங்க. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. நான் நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, இதை எழுதும்போது அவங்க பக்கத்தில்தான் இருக்காங்க, அதனால் உறுதியாகச் சொல்லலாம்!

மன்னிப்புக் கேட்டேன். அதை எப்படிக் கேட்டேன், அவங்க என்ன சொன்னாங்க என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு "அது நம்ம வீட்டு விஷயம், எடுத்துடுங்க" என்றாங்க. எடுத்துவிட்டேன். அன்றைக்கு வாசலில் கை காட்டியவரிடமும் நேற்று பேசினேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. பாவம், அவர் மேல் கோபமும் இல்லை. அவர் கை காட்டினார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஏழாம் நாள் பஞ்சபுராணம் பாடச் சம்மதிச்சிருக்காங்க. ரெண்டு நிபந்தனை. மைக் வேண்டாம், தோட்டத்தில் பாடின மாதிரி வெறும் குரலில்தான் பாடுவாங்களாம். அதனால் அந்த நேரத்தில் மண்டபத்து மின்விசிறிகளை அணைக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் வியர்க்கும், பொறுத்துக்கணும். கைப்பேசிகளைப் பைக்குள் வையுங்கள், நேரலையும் கிடையாது. ரெண்டாவது நிபந்தனை எனக்கு. நான் அன்றைக்கு மிக்சர் பக்கத்தில் உட்காரக் கூடாது, கீழே பாயில் எல்லாரோடும் உட்காரணும்.

ஆக, ஏழாம் நாள் ராத்திரிக்கு மிக்சர் பார்த்துக்கொள்ள ஒரு தம்பியோ தங்கையோ தேவை. இளைஞர் பிரிவில் ஆர்வம் உள்ளவங்க வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு மண்டபத்துக்கு வாங்க, சொல்லிக் கொடுக்கிறேன். நாதஸ்வரத்துக்கு எவ்வளவு, குருக்கள் மைக்குக்கு எவ்வளவு, கீச்சென்று கத்தினால் எந்த பட்டன் என்று எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். காலைப் பசியாறல் உண்டு.